அப்பா அணைக்கிறார், மகன் கையை எடுக்கிறான்

கேள்வி:

ஐயா, ஆறு மாதத்துக்கு முன் புதிய கார் வாங்கினோம். தானாக பிரேக் போடுவது, லேன் விலகினால் எச்சரிப்பது, முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைப்பது, ஸ்டியரிங்கைத் தானே கொஞ்சம் திருப்பிக்கொள்வது என்று 'அடாஸ்' வசதிகள் எல்லாம் இதில் உண்டு. வாங்கிய நாளிலிருந்து வீட்டில் சண்டைதான். என் கணவருக்கு 62 வயது. 35 வருடமாக ஓட்டுகிறார், ஒரு விபத்தும் கிடையாது. காரில் ஏறியதும் முதல் வேலையாக எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறார். "எனக்கே பாடம் எடுக்குதா இது?" என்கிறார். மகனுக்கு 26. ஹைவேயில் ஏறியதும் அவன் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துப் போனைப் பார்க்கிறான். கேட்டால், "கார் என்னைவிட நல்லா ஓட்டும்மா" என்கிறான். யார் ஓட்டினாலும் நான் பக்கத்து இருக்கையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது மகள் வேறு ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறாள். இந்த வசதிகளை வைத்துக்கொள்வதா, வேண்டாமா? அடுத்த மாதம் ஒரு நீண்ட பயணம் இருக்கிறது. யாரை ஓட்டச் சொல்வது?

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கணவர் அணைப்பதில் பாதியை அவர் தொடவே கூடாது. மகன் போட்டுக்கொள்வதில் பாதியை இப்படிப் பயன்படுத்தக் கூடாது. பார்த்தால் இருவரும் எதிரெதிர் துருவம்போலத் தெரிகிறார்கள். ஓட்டுநர் பயிற்சியே தொழிலாக இருக்கும் எனக்கு, இருவரும் ஒரே தவறைச் செய்வதாகத்தான் படுகிறது. ஷோரூமில் ஒரே பெயரில் விற்ற பல கருவிகளை ஒரே கருவி என்று எடுத்துக்கொண்டார்கள். அப்பாவுக்கு அது மொத்தமாகத் தொல்லை, மகனுக்கு அது மொத்தமாக டிரைவர்.

உங்கள் காரில் இருப்பவற்றை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு பக்கம், காத்திருக்கும் கருவிகள்: தானியங்கி அவசர பிரேக், கண்ணாடியில் தெரியாத பக்கவாட்டு மறைவில் வண்டி வந்தால் சொல்லும் ப்ளைண்ட் ஸ்பாட் எச்சரிக்கை, லேன் விலகல் எச்சரிக்கை, தூக்கக் கலக்கத்தைக் கண்டு சொல்லும் எச்சரிக்கை. இவற்றில் ஓட்டுவது நீங்கள், பார்த்துக்கொண்டிருப்பது கருவி. இன்னொரு பக்கம், நம் வேலையை எடுத்துக்கொள்ளும் கருவிகள்: முன்வண்டிக்கு ஏற்ப வேகத்தை மாற்றும் அடாப்டிவ் க்ரூஸ் கண்ட்ரோல், லேனின் நடுவில் காரைப் பிடித்து வைக்கும் ஸ்டியரிங் உதவி. இங்கே வேலை தலைகீழாகிவிடுகிறது. ஓட்டுவது கருவி, பார்த்துக்கொண்டிருப்பது நீங்கள்.

இந்தத் தலைகீழ்தான் விஷயமே. ஏனென்றால், ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டே இருப்பது மனிதனுக்குச் சுத்தமாக வராத வேலை.

இது கார்களுக்கு முன்பே தெரிந்த சங்கதி. இரண்டாம் உலகப் போரில், நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிய பிரிட்டிஷ் விமானப்படையின் ரேடார் ஆட்கள், நேரம் போகப் போக, திரையில் தெரிந்த புள்ளியையே கவனிக்காமல் விட்டார்கள். ஏன் என்று பார்க்க நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலாளர் ஒரு கடிகாரம் செய்தார். அதில் ஒரே ஒரு முள். சீராகத் தாவித் தாவி நகரும். எப்போதாவது ஒரு முறை மட்டும் இரண்டு தாவல் தூரத்தை ஒரே தாவலில் கடக்கும். அதைக் கண்டதும் பட்டனை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. உட்கார வேண்டியது இரண்டு மணி நேரம். அவர் 1948-ல் வெளியிட்ட முடிவுகளின்படி, முதல் அரை மணி நேரம் கழிந்ததுமே தவறவிடுவது கூடிவிட்டது. சோம்பேறித்தனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எதுவும் நடக்காத இடத்தில் கவனத்தை ஊன்றி வைத்திருக்க மூளைக்கு முடிவதில்லை.

1983-ல் லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற இன்னொரு உளவியலாளர், தானியங்கித் தொழிற்சாலைகளைப் பற்றி எழுதியபோது இதன் அடுத்த பக்கத்தைக் காட்டினார். சுலபமான வேலையெல்லாம் இயந்திரத்துக்குப் போய்விடுகிறது. இயந்திரம் திணறும் அந்தக் கஷ்டமான நேரம் மட்டும் மனிதன் தலையில் விழுகிறது. அதற்குள் அவனுக்குக் கைப்பழக்கமும் விட்டுப்போயிருக்கும். நாற்பது வருடம் கழித்து உங்கள் மகன் உட்கார்ந்திருப்பது அப்படிப்பட்ட நாற்காலியில்தான்.

அதனால் மகனைப் பொறுப்பில்லாதவர் என்று திட்டாதீர்கள். பொறுப்புள்ளவர்களுக்கும் இதுதான் நடக்கிறது. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் இயங்கும் ஐஐஎச்எஸ் என்ற நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமும் எம்ஐடி பல்கலைக்கழகமும் சேர்ந்து, இந்த வசதிகள் உள்ள கார்களைச் சிலருக்கு ஒரு மாதம் கொடுத்துக் கவனித்தன. ஆரம்பத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு மாதம் பழகியதும், வேகம், ஸ்டியரிங் இரண்டையும் பார்த்துக்கொள்ளும் உதவியைப் போட்டிருந்தபோது, கவனம் சாலையை விட்டு விலகியதன் அறிகுறிகள் இரண்டு மடங்குக்கும் மேல் கூடிவிட்டன. கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுப்பது, போனை நோண்டுவது, இதெல்லாம்தான். கார் ஏதும் தப்புச் செய்யாத ஒவ்வொரு நாளும், "பார்த்தியா, ஒண்ணும் ஆகலை" என்று அவர்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறது. உங்கள் மகனுக்கு ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்குபவருக்கும் இது நடந்திருக்கிறது. 2018 மார்ச்சில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டெம்பி நகரில், உபர் நிறுவனத்தின் தானியங்கிச் சோதனைக் கார் ஒன்று, இரவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்ணை மோதிக் கொன்றது. காரின் சென்சார்கள் மோதலுக்கு 5.6 விநாடி முன்பே எதையோ கண்டுவிட்டன. ஆனால் மென்பொருள் அதை வண்டி என்றது, அப்புறம் வேறு ஏதோ என்றது, அப்புறம் சைக்கிள் என்றது. ஒவ்வொரு முறை மாற்றும்போதும், அது எங்கே போகிறது என்ற கணக்கை முதலிலிருந்து தொடங்கியது. உள்ளே ஓட்டுநர் இருக்கையில் கண்காணிப்புக்கென்றே ஓர் ஊழியர் இருந்தார். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்டிஎஸ்பி விசாரித்து, அவர் பார்க்காததையே முதற்காரணம் என்றது. ஆனால் அதோடு நிறுத்தவில்லை. ஆட்கள் கருவியை நம்பி மெத்தனமாகிவிடுவார்கள் என்று தெரிந்தும் அதற்கு வழி செய்யாத நிறுவனத்தையும் சேர்த்துச் சொன்னது. காருக்கு இருவர் இருந்த இடத்தில் ஒருவராக அந்த நிறுவனம் முன்பே குறைத்திருந்தது. இன்னொன்று: அந்தக் கார் மாடலில் தொழிற்சாலையிலேயே பொருத்தி வந்த அவசர பிரேக் ஒன்று இருந்தது. தானியங்கிச் சோதனை ஓடும்போது அதைச் செயலிழக்கச் செய்து வைத்திருந்தார்கள். காத்திருக்கும் கருவியை அணைத்துவிட்டு, வேலையை எடுத்துக்கொள்ளும் கருவியை மட்டும் ஓடவிட்டார்கள்.

இந்தக் கடைசி விவரத்தை நான் வேண்டுமென்றேதான் சொன்னேன். உங்கள் வீட்டில் எனக்கு உண்மையில் பயமாக இருப்பது இதுதான்.

கணவர் காலையில் காரை எடுக்கிறார், மெனுவுக்குள் போய் எல்லாவற்றையும் அணைக்கிறார், போய்விட்டு வருகிறார். மாலையில் மகன் சாவியை எடுக்கிறார். காரை அணைத்துத் திரும்பப் போட்டால் சில கருவிகள் தானாக உயிர்பெற்றுவிடும். சில, கடைசியாக விட்ட நிலையிலேயே இருக்கும். எது எப்படி என்பது கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும். மகன் க்ரூஸ் பட்டனை அழுத்துகிறார். ஸ்டியரிங் உதவியும் வருகிறது என்ற நினைப்பில் கையை எடுக்கிறார். அப்பா காலையில் எதை அணைத்தார் என்று அவருக்குத் தெரியாது. வாசல் கதவை மற்றவர் பூட்டியிருப்பார் என்று நினைத்து வீட்டில் எல்லோரும் தூங்கப் போவதைப் போன்றது இது. தனித்தனியாகப் பார்த்தால், எல்லாவற்றையும் அணைத்து ஓட்டும் உங்கள் கணவர் கவனமான ஓட்டுநர். தனிக் கார் வைத்திருந்தால் உங்கள் மகனுக்கும் அதன் நிலவரமாவது தெரிந்திருக்கும். ஒரே கார், இரண்டு பழக்கம் என்பதில்தான் சிக்கல்.

எனவே வீட்டில் முதலில் ஒரு விதி போடுங்கள். அவசர பிரேக்கை யாரும் எப்போதும் அணைக்கக் கூடாது. மற்றதை யார் மாற்றினாலும் அடுத்தவரிடம் சொல்ல வேண்டும். உங்கள் காரில் ஒவ்வொரு ஓட்டுநரின் அமைப்பையும் தனியாகச் சேமிக்கும் 'புரொஃபைல்' வசதி இருந்தால் இருவருக்கும் தனித்தனியாக வைத்துவிடுங்கள், பாதிச் சண்டை அதிலேயே தீரும்.

இப்போது மகனிடம் பேச வேண்டியது. தத்துவம் பேசினால் காது கொடுக்க மாட்டார், காரைக் காட்டிப் பேசுங்கள். எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கம் தானியங்கி ஓட்டத்தை 0 முதல் 5 வரை தரம் பிரித்திருக்கிறது. வேகத்தையும் ஸ்டியரிங்கையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் உங்கள் கார் போன்றவை 2-ஆம் நிலை. அந்த நிலையில் சாலையைப் பார்ப்பது முழுக்க ஓட்டுநர் வேலை, ஒரு நொடிகூட விலக்கு இல்லை. கண்ணை எடுக்கலாம் என்று கார் கம்பெனியே பொறுப்பேற்றுச் சொல்வது 3-ஆம் நிலையில்தான். 2021 டிசம்பரில் ஜெர்மனியில் மெர்சிடிஸ் நிறுவனத்துக்கு அப்படி ஓர் அனுமதி கிடைத்தது. அதுவும் எப்படி? ஹைவேயில், அப்போது மணிக்கு 60 கிலோமீட்டர் வரைதான். காருக்கு முடியாமல் போனால், "எடுத்துக்கொள்" என்று சொல்லி ஓட்டுநருக்குச் சுமார் 10 விநாடி அவகாசம் தர வேண்டும். உங்கள் மகனின் காரில் அந்த 10 விநாடி வாக்குறுதி எங்கும் எழுதப்படவில்லை. கையேட்டில் தேடச் சொல்லுங்கள். அதற்கு நேர்மாறான வாக்கியம்தான் கிடைக்கும்.

ஒரு சின்னப் படத்தையும் அவருக்குக் காட்டுங்கள். ஸ்பீடோமீட்டர் பக்கத்தில் ஸ்டியரிங் வடிவில் ஒரு குறி இருக்கும். உதவி ஓடும்போது பெரும்பாலான கார்களில் அது பச்சை. லேன் கோடு தேய்ந்திருந்தாலோ, வளைவு அதிகமானாலோ, எதிர்வெயில் கேமராவில் அடித்தாலோ, கார் கோட்டைத் தவறவிடும். உடனே பச்சை போய்ச் சாம்பல் நிறமோ வெள்ளையோ ஆகும். பல மாடல்களில் அதற்குச் சத்தமே இருக்காது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஸ்டியரிங் உதவி போன பிறகும் க்ரூஸ் கண்ட்ரோல் போகாது. கார் அதே 100 கிலோமீட்டரில் போய்க்கொண்டே இருக்கும், ஆனால் யாரும் திருப்புவதில்லை. 100-ல் ஒரு விநாடிக்கு 28 மீட்டர் நகர்கிறது. போனில் ஒரு செய்தியைப் படிக்க ஐந்து விநாடி என்று வைத்தால் 140 மீட்டர். அடுத்த முறை மகன் ஓட்டும்போது, பச்சை எத்தனை முறை போய்வருகிறது என்று பக்கத்து இருக்கையிலிருந்து எண்ணிச் சொல்லுங்கள். நான் சொல்வதைவிட அந்த எண்ணிக்கைக்கு அவர் மதிப்புக் கொடுப்பார்.

நிற்கும் வண்டிகள் இன்னொரு பொறி. ஹைவேயில் வேகமாகப் போகும்போது, ரேடாருக்கு எதிரே வரும் பெயர்ப்பலகை, பாலத்தூண், ஓரத்தடுப்பு எல்லாமே 'நிற்கும் பொருள்'தான். அவை ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் கார் ஓட்ட முடியாது என்பதால், நிற்கும் பொருளின் சமிக்ஞையைக் கருவி ஓரளவு ஒதுக்கிவிடும்படி வடிவமைப்பது உண்டு. அதனால் பழுதாகி நிற்கும் லாரியை, குறிப்பாக முன்னால் போன வண்டி திடீரென லேன் மாறி விலகியதும் எதிரே தெரியும் லாரியை, க்ரூஸ் கண்ட்ரோல் கவனிக்காமல் போகலாம். இதுவும் கையேட்டில் இருக்கிறது. 'எச்சரிக்கை', 'வரம்புகள்' என்ற தலைப்பில் வரும் அந்தப் பக்கங்களை நான் பார்த்தவரையில் எவரும் புரட்டுவதில்லை. எனக்கு இதில் கார் கம்பெனிகள்மீதும் கோபம் உண்டு. விளம்பரத்தில் சிரித்துக்கொண்டு கையை எடுத்துக் காட்டுவார்கள், கையேட்டில் பொடி எழுத்தில் எடுக்காதே என்பார்கள். 2022-ல் ஐஐஎச்எஸ் நடத்திய கணக்கெடுப்பில், தங்கள் காரை முழுத் தானியங்கிக் கார்போல நடத்துவதில் தயக்கமில்லை என்றவர்கள் ஜெனரல் மோட்டார்ஸின் சூப்பர் குரூஸ் வைத்திருந்தவர்களில் 53 சதவீதம், டெஸ்லாவின் ஆட்டோபைலட் வைத்திருந்தவர்களில் 42, நிசானின் புரோபைலட் வைத்திருந்தவர்களில் 12. மூன்றுமே 2-ஆம் நிலைதான். கருவி ஒரே தரத்தில் இருக்கும்போது நம்பிக்கை இவ்வளவு வேறுபடுகிறது என்றால், அந்த நம்பிக்கையை யாரோ ஊட்டியிருக்கிறார்கள்.

ஸ்டியரிங்கில் எடை கட்டித் தொங்கவிட்டுக் கை இருப்பதுபோல் காட்டும் சாமான்கள் விற்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் இன்றைக்கே குப்பையில் போடுங்கள். அதைப் பற்றி வேறு பேச்சு இல்லை.

சரி, கணவர் பக்கம் வருவோம். அவருக்காகக் கொஞ்சம் அதிகமாகவே பேசப்போகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் கேலிக்கு ஆளாவது எப்போதும் அவர் வயதுக்காரர்கள்தான்.

35 வருடம் விபத்தில்லாமல் ஓட்டியவரை, மனைவி பக்கத்திலும் மகன் பின்னாலும் உட்கார்ந்திருக்க, ஒரு பெட்டி பீப் என்று அதட்டினால் அவருக்கு எப்படி இருக்கும்? அதுவும் பாதி நேரம் அவர் சரியாக ஓட்டும்போதே. பள்ளத்தை ஒதுக்க லேனைக் கொஞ்சம் தாண்டுகிறார், பீப். சைக்கிள்காரருக்கு இடம் விட்டு ஒதுங்குகிறார், பீப். பக்கத்து வண்டி நுழைகிறது, பீப். இந்த எச்சரிக்கையில் பெரும்பகுதி பொய்யென்று அவர் கண்டுகொண்டார். பொய் சொல்லும் ஆளை நாம் என்ன செய்வோமோ அதைத்தான் அவர் செய்கிறார். இது பிடிவாதமே இல்லை, கற்றுக்கொண்ட பாடம். ஐஐஎச்எஸ் ஆட்கள் சர்வீஸுக்கு வந்த கார்களில் எட்டிப்பார்த்தபோது, லேன் எச்சரிக்கை பாதிக் கார்களில் அணைத்தே இருந்தது. சத்தம் போடும் கருவியைவிட, இருக்கையோ ஸ்டியரிங்கோ மெல்ல அதிரும் கருவியை மக்கள் அணைக்காமல் விட்டிருந்தார்கள். இதில் ஒரு மனித விஷயம் இருக்கிறது. அதிர்வு ஓட்டுபவருக்கு மட்டும்தான் தெரியும். பீப் வண்டி முழுக்கக் கேட்கும்.

ஆகவே கணவரிடம் "அணைக்காதீங்க" என்று சொல்லாதீர்கள், மெனுவில் உட்கார்ந்து பேரம் பேசுங்கள். லேன் எச்சரிக்கை: அதிர்வுக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் சத்தத்தைக் குறையுங்கள். கோடே இல்லாத குறுகலான சாலைகளில் அவர் அதை அணைத்துக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபமில்லை. ஐஐஎச்எஸ் கணக்கில் அது சம்பந்தப்பட்ட விபத்துகளை 11 சதவீதம் அளவுக்குத்தான் குறைக்கிறது. ப்ளைண்ட் ஸ்பாட் எச்சரிக்கை லேன் மாறும்போது நடக்கும் விபத்துகளை 14 சதவீதம் குறைக்கிறது. கண்ணாடியில் ஒரு விளக்கு எரிவதோடு பெரும்பாலும் நின்றுவிடும், தொல்லை குறைவு. வயது கூடக் கழுத்து திரும்புவது குறையும், அப்போது அந்த விளக்கின் அருமை அவருக்கே தெரியும். ஆனால் அவசர பிரேக்? முன்வண்டியின் பின்பக்கம் மோதும் விபத்துகளை அது ஏறக்குறைய பாதியாக்குகிறது. வெறும் எச்சரிக்கை மட்டும் தந்து பிரேக் போடாத பழைய வகை 27 சதவீதம்தான் குறைத்தது. பின்னால் எடுக்கும்போது தானாக பிரேக் போடும் வசதி, பின் கேமராவோடும் பார்க்கிங் சென்சாரோடும் சேர்ந்து, அத்தகைய விபத்துகளை 78 சதவீதம் குறைத்திருக்கிறது. இவ்வளவு லாபம் தரும் கருவி காரில் வேறு அதிகம் இல்லை. அதோடு, ஒழுங்காக ஓட்டுபவர் அதை மாதக்கணக்கில் உணரவே மாட்டார். அதனால்தான் 2024 ஜூலையிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் எல்லாப் புதிய கார்களிலும் அது கட்டாயம். அமெரிக்கா 2029 செப்டம்பரை இலக்காக வைத்து 2024-ல் விதி போட்டது.

அதற்கும் எல்லை உண்டு என்பதை அவரிடம் மறைக்க வேண்டாம். பாதசாரிகளைக் காணும் அவசர பிரேக் அவர்கள்மீது மோதும் விபத்துகளை 27 சதவீதம் குறைத்ததாகக் கண்ட அதே ஐஐஎச்எஸ், தெருவிளக்கில்லாத இருட்டில் எந்தப் பலனும் தெரியவில்லை என்றும் கண்டது. இருட்டில் நடந்து போகிறவருக்கு இன்றைக்கும் காவல் உங்கள் கணவரின் கண்ணும் ஹெட்லைட்டும்தான். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021-ல் சாலையில் இறந்தவர்கள் 11.9 லட்சம் பேர். அதில் பாதிக்கு மேல் நடப்பவர்கள், சைக்கிள், இருசக்கர வண்டிக்காரர்கள். கார் வாங்கியவரைக் காக்கும் கருவியைப் பற்றியே நாம் இவ்வளவு பேசுகிறோம். காருக்கு வெளியே இருப்பவர், எதிரே வரும் காரில் எது போட்டிருக்கிறது, எது அணைந்திருக்கிறது என்று அறிய வழியே இல்லை.

"பாதுகாப்பு கூடினால் ஆட்கள் துணிந்து ஓட்டுவார்கள், அதனால் எல்லாம் வீண்" என்று உங்கள் கணவர் வாதாடக்கூடும், பலர் வாதாடுகிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1980-களில் ஜெர்மனியின் மியூனிக் நகர டாக்ஸிகளில் பாதிக்கு, அழுத்திப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாத ஏபிஎஸ் பிரேக் பொருத்திப் பார்த்தார்கள். விபத்து குறையவில்லை. ஏபிஎஸ் இருக்கும் வண்டியில் ஓட்டுநர்கள் இன்னும் நெருங்கி ஓட்டினார்கள், வளைவை ஒடித்துத் திருப்பினார்கள். கிடைத்த பாதுகாப்பைத் துணிச்சலில் செலவழித்துவிட்டார்கள். ஆனால் சறுக்கலைத் தடுக்கும் ஈஎஸ்சி வந்தபோது அப்படி நடக்கவில்லை. தனி வண்டி மட்டும் சிக்கும் உயிர்ப்பலி விபத்துகளின் அபாயம் சுமார் பாதியாகக் குறைந்தது. என் அபிப்பிராயத்தில் காரணம் எளிது. ஏபிஎஸ்ஸை ஓட்டுநர் காலில் உணர்ந்தார், இருப்பதை நம்பி விளையாடினார். ஈஎஸ்சி இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரியாததை யார் செலவழிப்பார்? அவசர பிரேக்கும் ஏறக்குறைய அந்த ரகம். மகனின் ஸ்டியரிங் உதவி நிமிடத்துக்கு நிமிடம் தெரியும் ரகம்.

இனி நீங்கள். பக்கத்து இருக்கையை லேசாக நினைக்காதீர்கள், க்ரூஸ் கண்ட்ரோலே அங்கிருந்து பிறந்ததுதான் என்பார்கள். அதைக் கண்டுபிடித்த ரால்ஃப் டீட்டர் சிறு வயதிலேயே பார்வை இழந்த பொறியாளர். அவருடைய வழக்கறிஞர் காரோட்டும்போது, பேசினால் வேகம் குறையுமாம், கேட்டால் கூடுமாம். அந்தக் குலுங்கலில் எரிச்சலாகித்தான் வேகத்தை நிலையாக வைக்கும் கருவியில் இறங்கினாராம். 1958-ல் அது கிரைஸ்லர் கார்களில் விற்பனைக்கு வந்தது. உங்கள் எரிச்சலுக்கும் பயன் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் ஓடும் காரில் நீங்கள் இன்னொரு பீப் ஆகிவிடக் கூடாது. மகனிடம் "கையை வை" என்று பத்து நிமிடத்துக்கொரு முறை சொன்னால், லேன் எச்சரிக்கையை அப்பா அணைத்ததுபோல் உங்கள் குரலை அவர் அணைத்துவிடுவார். பேச்சை வண்டி நிற்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விடுமுறை நாளில், காலியான பெரிய பார்க்கிங்கில், நால்வரும் காரில் உட்காருங்கள். ஸ்கிரீனில் வரும் ஒவ்வொரு குறியும் என்ன, எதை அணைத்தால் எது சேர்ந்து அணைகிறது, காரை நிறுத்தித் திரும்பப் போட்டால் எது திரும்பி வருகிறது என்று பாருங்கள். அப்பாவும் மகனும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கட்டும். நீங்கள் கையேட்டை வைத்துக்கொண்டு சரிபாருங்கள். ஓடும்போது உங்கள் வேலை இரண்டுதான். ஓட்டுபவரின் போன் உங்கள் கையில் இருக்க வேண்டும். மேப், அழைப்பு, செய்தி எல்லாம் உங்கள் பொறுப்பு. மற்றபடி, பச்சைக் குறி போய் ஓட்டுபவர் கவனிக்காவிட்டால், "பச்சை போச்சு" என்ற இரண்டு சொல் போதும்.

மகளுக்கு: அவசர பிரேக் போட்டபடி கற்றுக்கொள்ளட்டும். க்ரூஸ் கண்ட்ரோலையும் ஸ்டியரிங் உதவியையும் லைசென்ஸ் வாங்கிச் சில மாதம் ஆகும்வரை தொட வேண்டாம். எவ்வளவு இடைவெளி விடுவது, எப்போது காலை எடுப்பது என்பதெல்லாம் உடம்பில் ஏறவேண்டிய பழக்கம். அதைக் கார் செய்துவிட்டால் ஏறாது. பின்னால் எடுக்க முதலில் கண்ணாடியும் கழுத்தும், கேமரா அப்புறம்.

முன் கண்ணாடியை மாற்றினாலோ, முன் பம்பரில் அடிபட்டு வேலை செய்தாலோ, கேமராவையும் ரேடாரையும் திரும்ப அளவு சரிபார்க்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். கேமராவுக்கு முன்னால் ஸ்டிக்கர், தொங்கும் பொம்மை எதுவும் வேண்டாம்.

கடைசியாக, அந்தப் பயணம். இருவரும் ஓட்டட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இடம் மாறுங்கள். பகலின் நீண்ட நேரான பகுதிகளை மகனுக்குக் கொடுத்தால் கைதான் முதலில் கீழே வரும், அதனால் அவருக்கு நெரிசலான, வளைவுகள் உள்ள பகுதிகளைக் கொடுங்கள். நேரான பகுதிகளில் கணவர் ஓட்டட்டும். அவர் விரும்பினால் க்ரூஸ் கண்ட்ரோலை மட்டும், இடைவெளியை அதிகபட்சத்தில் வைத்து, போட்டுப் பார்க்கட்டும். நடுவில் யாராவது நுழையத்தான் செய்வார்கள், கார் மறுபடி பின்வாங்கிக்கொள்ளும், பரவாயில்லை. இருட்டிய பிறகு மகன் ஓட்டலாம், எதிர்வெளிச்சம் 62 வயதுக் கண்ணைத்தான் அதிகம் கூசவைக்கும். ஆனால் ஸ்டியரிங் உதவி இல்லாமல். இடம் மாறும் ஒவ்வொரு முறையும், உட்கார்ந்தவர் எது போட்டிருக்கிறது, எது இல்லை என்று ஸ்கிரீனைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். ஸ்கிரீனில் தூக்கக் கலக்க எச்சரிக்கையான காபிக் கோப்பைக் குறி வந்தால் வாதாடாமல் அடுத்த நல்ல இடத்தில் நிறுத்துங்கள், அந்த ஒரு எச்சரிக்கையில் ஓட்டுபவரின் சொந்த மதிப்பீட்டை நான் நம்ப மாட்டேன்.

காரின் மாடலையும் வாங்கிய ஆண்டையும் எழுதி அனுப்புங்கள். லேன் எச்சரிக்கையை அதிர்வுக்கு மாற்ற முடியுமா, எந்த மெனுவில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.